பம்புசெட் மெக்கானிக்

அந்தப் போனைக் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. கோபித்துக்கொள்ள வேண்டாம். அதன் கண்ணாடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. நீங்கள் பாட்டுக் கேளுங்கள், படம் பாருங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். என் பக்கம் மட்டும் திருப்ப வேண்டாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் போன வருஷம் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தவன்தான். ஆடு மேய்க்கிற இடத்தில் முழங்கால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம்? ஆட்டிடம். சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. மறுநாள் போனைத் திறந்தால் முழங்கால் தைலம் விளம்பரம் வருகிறது. ஆடா போய்ச் சொல்லியிருக்கும்? அதனால்தான் என்னுடையதைத் துண்டில் சுற்றிப் பைக்கு அடியில் போட்டு, மேலே வேட்டியை வைத்து அமுக்கியிருக்கிறேன். கேட்டாலும் சரியாகக் கேட்காது.

என் பேர் வேண்டாம் தம்பி. ஊரும் வேண்டாம். கோவில்பட்டிக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகிற இடத்தையும் சொல்வதாக இல்லை. ஆனால் கண்டக்டரிடம் தாராபுரம் என்று நான் டிக்கெட் கேட்டது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். விழுந்தது விழுந்ததுதான், இனி என்ன செய்ய.

எனக்கு ஒரே மகள். செண்பகவல்லி. அவள் அம்மா சாகும்போது இவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். என் அக்காள் மகன் பரமகுரு இருக்கிறான், முறை மாப்பிள்ளை. அவனுக்குத்தான் என்று எல்லோரும் பேசி வைத்திருந்தோம். அவளைக் கேட்கவில்லையா என்கிறீர்களா? இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது தம்பி, முறைதானே. அவள் என்ன செய்தாள்? தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று போனவள், வகுப்புக்குக் கீழே கடை வைத்திருந்த ஒரு பையனோடு போய்விட்டாள். வேற ஆட்கள். அந்தப் பையன் பேர் எனக்குத் தெரியும். என் வாயால் சொல்லமாட்டேன். செத்தாலும் சொல்லமாட்டேன்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். நடுவில் எழுந்து நின்று, கண்ணில் பட்டால் ரெண்டு பேரையும் வெட்டுவேன் என்று சொன்னேன். அப்பன்காரன் வேறு என்ன சொல்லுவான்? ஆத்திரத்தில் சொல்கிற பேச்சு, மறுநாள் போய்விடும். அதை இந்தப் பரமகுரு அப்படியே பிடித்துக்கொண்டான். "மாமா வார்த்தைதான் எனக்கு வார்த்தை"ன்னு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்றைக்கு வரைக்கும் விடவில்லை. எனக்கே இல்லாத ரோஷம் இவனுக்கு என்ன ரோஷம், சொல்லுங்கள்?

அவள் போன அடுத்த வருஷம் புது நம்பரில் இருந்து ஒரு போன் வந்தது. எடுத்தேன். "அப்பா, நான்தாம்ப்பா" என்றாள். நான் பேசவில்லை. வைக்கவும் இல்லை. காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவளே பேசினாள், அவளே அழுதாள், அவளே வைத்தாள். அப்புறம் அடிக்கடி வரும். நல்ல வெயில் நேரம் பார்த்து, நான் மட்டும் காட்டில் இருப்பேன் என்று தெரிந்து போடுவாள். நான் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. 'உம்' கூடச் சொன்னது கிடையாது. இருமுவேன். இருமினால் ஆள் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்வாள். தாராபுரத்தில் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடு, வாசலில் சின்னக் கடை, ரவிக்கையில் ஆரி வேலை போட்டுத் தருகிறாள். பெண் குழந்தை பிறந்தது. பல் முளைத்தது. முளைத்த பல்லால் அவள் விரலைக் கடித்தது. எல்லாம் சொல்லுவாள். எல்லாவற்றுக்கும் இருமல்தான்.

மன்னித்தேன் என்று நினைக்காதீர்கள். மன்னிக்கவில்லை. காதில் விழுகிறதைக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

நம்பர் போனில் அப்படியே கிடந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் இல்லையா? நான் யோசித்தேன். ரீசார்ஜ் கடைப் பெண்ணிடம் கொடுத்து, "பம்புசெட் மெக்கானிக்னு ஏத்திக் குடும்மா" என்றேன். ஏற்றிக் கொடுத்தாள். எனக்குக் கிணறே இல்லை, பம்புசெட் எங்கே இருக்கிறது? கிணற்றுப் பங்குதான் என் அண்ணனோடு வழக்கில் கிடக்கிறதே. அது தனிக் கதை. ஆனால் யாரும் கேட்கவில்லை. சொந்த அக்காளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. போலீஸ் அடித்துக் கேட்டாலும் என் வாயில் இருந்து வந்திருக்காது தம்பி. அப்படி வைத்திருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் பரமகுரு ஒருநாள் வந்து, "என்ன மாமா, இவ்வளவு பெரிய போன வச்சிக்கிட்டு பேச மட்டும் செய்றீங்க? கிடாமுட்டு பாருங்க, மழைச் செய்தி பாருங்க" என்று அந்தப் படம் பார்க்கிற சமாச்சாரத்தைப் போட்டுக் கொடுத்தான். உங்கள் கையில் இருக்கிறதே, அதேதான். போட்டதும் அது வரிசையாகக் கேட்கிறது. நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், ரொம்ப நேரம் ஆகும். தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கவா, இடத்தைப் பார்க்க அனுமதிக்கவா, மைக்கை அனுமதிக்கவா என்று என்னென்னவோ. நான் படித்து முடிப்பதற்குள், "எல்லாத்துக்கும் சரி குடுங்க மாமா, இல்லன்னா படம் ஓடாது" என்றான். படம் ஓடாதாமே என்று நானும் அமுக்கிக்கொண்டே போனேன். என் கட்டைவிரல்தான் அமுக்கியது. அந்த விரலை என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

கிடாமுட்டு நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கொஞ்ச நாள் போயிற்று. பரமகுரு எங்கள் வீட்டில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இடது கையால் என் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "மாமா, உங்க பம்புசெட் மெக்கானிக் பூத்தையல் போடுவாரா?" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடா சொல்லுத?"

"இங்க பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சவரா இருக்கலாம்னு காட்டுது. பம்புசெட் மெக்கானிக். உள்ள போனா பூரா ஜாக்கெட்டா இருக்கு. மயில் போட்டிருக்காரு, தாமரை போட்டிருக்காரு. கெட்டிக்கார மெக்கானிக்குதான் மாமா."

புரிகிறதா தம்பி? அவள் வியாபாரத்துக்காக அதே நம்பரில் ஒரு பக்கம் வைத்திருக்கிறாள். பேர் வேறே போட்டிருக்கிறாள். முகம் கிடையாது. ஊர் கிடையாது, கூரியரில் அனுப்பப்படும் என்று மட்டும் போட்டிருக்கிறாள். அவளும் எவ்வளவு பயந்து பயந்து செய்திருக்கிறாள் பாருங்கள். நானும் மறைத்தேன், அவளும் மறைத்தாள். அந்தக் கம்பெனிக்காரன் என் போனில் இருந்த நம்பர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், அவள் நம்பரோடு ஒட்டவைத்து, இந்தா உன் ஆள் என்று கொண்டுவந்து காட்டிவிட்டான். நான் கேட்டேனா? தேடிக் கொடு என்று நான் கேட்டேனா?

ஒரு படத்தை ஓடவிட்டான். ரெண்டு கை மட்டும் தெரிகிறது. ஊசி போகிறது, வருகிறது. கூடவே குரல். "இந்தப் பூவுக்கு ரெட்டை நூல் எடுத்துக்கோங்க அக்கா"ன்னு. தொட்டிலில் கிடக்கும்போதிருந்து கேட்ட குரல். பரமகுருவும் கேட்டு வளர்ந்தவன்தானே. சோற்றுக் கையோடு அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னான், "நல்ல கை மாமா. கை இருக்கிற வரைக்கும் போடட்டும்."

அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினேன் தம்பி.

"ஊரைத்தான் போடல. உங்களுக்குத் தெரியுமா மாமா?" என்றான்.

"எனக்கு என்னடா தெரியும்? அந்தச் சனியன் எங்க கெடந்தா எனக்கென்ன?" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, என் போனை வாங்கி ஏதோ செய்தான். "வயசாயிட்டு மாமா உங்களுக்கு. காட்டுல எங்கயாவது மயங்கி விழுந்தா நாங்க தேட வேண்டாமா? அதுக்கு ஒண்ணு போட்டு வச்சிருக்கேன், அதுபாட்டுக்கு இருக்கும்" என்றான். கெட்ட புத்திக்காரன்தான், ஆனாலும் அந்த அக்கறை உண்டு அவனுக்கு. என் அண்ணன் மக்களுக்கு அதுகூடக் கிடையாது.

எங்கள் ஊர்ப் பக்கம் கோர்ட்டில் ஒரு வக்கீல் உண்டு. கிணற்று வழக்கில் பழக்கம். அவரிடம் போனேன். எனக்கு என்று சொல்லவில்லை, ஒரு சினேகிதனுக்கு என்று சொல்லிக் கேட்டேன். அவர், "அனுமதி குடுத்தது யாரு?" என்றார். சினேகிதன்தான் என்றேன். "அப்பறம் என்ன? அனுமதி கேக்கணும்னு சட்டம் வந்திருக்கு, அவன் கேட்டிருக்கான், உங்க சினேகிதன் குடுத்திருக்காரு. சரியாப் போச்சே" என்றார்.

"அய்யா, போன் சினேகிதனுது. நம்பர் அந்தப் பிள்ளையோடது. பிள்ளையக் கேட்டானா?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது சட்டத்துல இன்னும் சரியா வரல பெரியவரே. வரணும். வந்தாலும், அவன் ஆபீசு எந்த நாட்டுல இருக்கோ, யாரு போயி சம்மன் குடுக்குறது? உங்க அண்ணனுக்குக் குடுக்கிறதுக்கே எத்தன வாய்தா ஆச்சு."

எனக்கு அதுதான் ஆறவே இல்லை தம்பி. கூட்டுக் கிணறு இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் அண்ணன் விற்கப் போனான். கோர்ட் நிறுத்தியது. விற்கவிடாது, தெரியுமா? பங்காளி எல்லோரும் ஒப்ப வேண்டும். நம்பரும் அப்படித்தானே? என்னிடம் இருந்தாலும் அவளும் பங்குதானே? என் ஒருத்தன் கைநாட்டை வாங்கிக்கொண்டு எல்லோருடையதையும் எடுத்துக்கொண்டு போனால் அது என்ன நியாயம்? கிணற்றுக்கு இருக்கிற சட்டம் பிள்ளைக்கு இல்லையா? நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். எங்கே எழுதிப் போடவேண்டும் என்று தெரிந்தால் சொல்லுங்கள். என் பேர் போடாமல் எழுத முடியுமா?

பரமகுருவும் அவன் கூட்டாளிகளும் ஒரு வெள்ளைக் கார் வாடகைக்கு எடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று நேற்று டீக்கடையில் காதில் விழுந்தது. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா? ஊர் தெரியாமல் எங்கே போவார்கள், தேடித் தேடிப் போவார்கள். அதற்குள் நான் போய்விட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பிவிட்டேன். அவனிடம் திருச்செந்தூர் போகிறேன் என்று சொன்னேன். நம்பிவிட்டான். அவனே பைக்கில் வைத்துக் கொண்டுவந்து பஸ் ஸ்டாப்பில் விட்டான். "போன அணைச்சிராதீங்க மாமா" என்று இந்தச் சார்ஜ் ஏற்றுகிற கட்டியையும் கையில் கொடுத்தான். நான் கோவில்பட்டியில் இறங்கி, மதுரைக்கு மாறி, இந்த வண்டியைப் பிடித்தேன். திருச்செந்தூர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நானும் லேசுப்பட்டவன் இல்லை.

என்ன? போனிலேயே சொல்லியிருக்கலாமா?

அதுதான் முடியாது தம்பி. நான் பேசமாட்டேன். கோபத்தினால் மட்டும் இல்லை. அவள் போன அன்றைக்கே குலசாமி கோயிலுக்குப் போய், கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். இனி இவளோடு என் வாய் பேசினால் என் வம்சம் விளங்காமல் போகட்டும் என்று. அன்றைக்கு எனக்கு வம்சம் என்று என்ன இருந்தது? ஒன்றும் இல்லை, தைரியமாகச் சொல்லிவிட்டேன். இப்போது பல்லு முளைத்து ஒன்று இருக்கிறதே. நான் வாயைத் திறந்தால் அது தலையில் அல்லவா விழும்? எங்கள் சாமி விளையாட்டுச் சாமி இல்லை. எங்கள் தெருவிலேயே பொய்ச் சத்தியம் பண்ணின வீட்டைக் காட்டுகிறேன், வந்து பாருங்கள், கதவு இல்லாமல் கிடக்கிறது.

நேரில் போய் என்ன செய்வேன் என்றால், கடை வாசலில் போய் நிற்பேன். என்னைப் பார்த்தால் போதும். இத்தனை வருஷம் வராத அப்பன் வந்து நிற்கிறான் என்றால் அவளுக்குப் புரியாதா? கையைக் காட்டுவேன். போ, போ என்று காட்டுவேன். சத்தியத்தில் கையைப் பற்றி ஒன்றும் இல்லை.

இருங்கள், பைக்குள்ளே அடிக்கிறது. உங்களுக்கும் கேட்கிறதா? அவளாக இருக்கும். இல்லை, பரமகுரு. எழுத்தாக அனுப்பியிருக்கிறான். பொடி எழுத்து, எனக்கு எழுத்துக்கூட்ட நேரம் ஆகும். நீங்கள் படியுங்கள் தம்பி.

என்ன சொன்னீர்கள்? இன்னொரு தடவை படியுங்கள்.

"மாமா, மெதுவாப் போங்க. ஒட்டன்சத்திரம் வரப்போகுது, இறங்கி டீ குடிங்க."

ஒட்டன்சத்திரமா? நான் திருச்செந்தூர் என்றுதானே சொன்னேன். ஒட்டன்சத்திரம் என்று இவனுக்கு யார் சொன்னது? கண்டக்டரா? நீங்களா? நீங்கள் யார் என்று நான் கேட்கவே இல்லையே. கோபித்துக்கொள்ளாதீர்கள். என் நிலைமை அப்படி.

என் போனைப் பார்க்கலாமா என்கிறீர்களா? பாருங்கள், திறந்தே பாருங்கள். என்ன அது? பாதை மாதிரி இருக்கிறது. இந்தப் புள்ளி யார்? நானா? நகருகிறதே. நாம் நகர்ந்தால் நகருகிறதா? இது அவன் போனில் தெரியுமா? இப்போதும் தெரியுமா? மயங்கி விழுந்தால் தேடுவதற்கு என்று சொன்னானே.

அப்படியானால் காலையில் இருந்து தெரிந்திருக்கிறது. பைக்கில் ஏற்றிவிட்டபோதே தெரிந்திருக்கிறது. ஊர் தெரியாமல் அவன் தேடப்போவது இல்லை தம்பி. அதற்குத்தான் என்னை விட்டிருக்கிறான். வேட்டைக்கு நாயை முன்னால் விடுகிற மாதிரி. சார்ஜ் கட்டி கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

பின்னால் பாருங்கள். அந்தக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். வெள்ளைக் கார் ஏதாவது வருகிறதா? எத்தனையோ வருகிறதா? எல்லாம் வெள்ளையாகத்தான் இருக்கிறதா?

வேண்டாம், அணைக்க வேண்டாம். அணைத்தால் நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்துகொள்வான். தெரிந்துகொண்டால் இந்த ரோட்டில் எத்தனை ஊர் இருக்கிறது, விரட்டி வந்து பஸ்ஸை மறித்துவிடுவான். கண்டக்டரைக் கேட்டால் தாராபுரம் என்று சொல்லிவிடுவார், ஜாக்கெட் கடை எத்தனை இருக்கப்போகிறது அந்த ஊரில். நான் இங்கேயே இறங்கிவிட்டால்? இறங்கினாலும் இந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டதே. நான் எந்தப் பக்கம் போனாலும் போகட்டும். அவள் அங்கே இருக்கக்கூடாது. அதுதான். அவள் அங்கே இருக்கக்கூடாது.

நீங்கள் பேசுகிறீர்களா தம்பி? உங்கள் போனில் இருந்தா? வேண்டாம். உங்கள் போனில் அவள் நம்பர் ஏறினால், நாளைக்கு உங்களுக்கு யாரை யாரைக் காட்டுமோ, உங்களை அவளுக்குக் காட்டுமோ. இதிலேயே போடுங்கள். ஆனால் நீங்கள் பேசினால் நம்பமாட்டாள். யாரோ மிரட்டுகிறான் என்று வைத்துவிடுவாள். இந்த நம்பரில் இருந்து என் இருமலை மட்டும்தான் நம்புவாள். இருமலில் எப்படித் தம்பி சொல்லுவது, கடையை அடைத்துவிட்டு ஓடு என்று?

சாமியை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். போய் விழுந்து கேட்கிறேன். நாக்கை அறுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். சாமி கேட்கும், பரமகுரு கேட்கிற ஆள் இல்லை. கொடுங்கள். மெக்கானிக் என்று இருக்கும், அதை அமுக்கிக் கொடுங்கள்.

அடிக்கிறது.

எடுத்துவிட்டாள். "அப்பா, என்னப்பா இந்நேரம், நீங்களா போட்டீங்க?" என்கிறாள். பிள்ளை பக்கத்தில் சிரிக்கிறது. கேட்கிறதா?

செண்பகம். நான்தாம்மா. ஆமா, நான்தான் பேசுதேன். அழாத. அழுறதுக்கு நேரம் இல்ல. சொல்லுறதக் கேளு. கடைய இப்பவே அடை. துணிமணி எடுக்க வேண்டாம். பிள்ளையத் தூக்கு. அந்தப் பையன எங்க இருந்தாலும் கூப்பிடு, கூட்டிக்கிட்டுக் கிளம்பு. பரமகுரு வாரான். என்னாலதான் வாரான், அதெல்லாம் அப்பறம். போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துல இருந்தா நேரா அங்க போ. இல்ல, எங்கயாவது போ. இந்த நம்பரத் தூரப் போடு. எனக்கு இனிமே போன் போடாத. எங்க போறேன்னு எனக்குச் சொல்லாத. கேக்குதா? எங்கிட்ட மட்டும் சொல்லவே சொல்லாத.

தம்பி, இதை எப்படி அணைப்பது? எனக்கு அணைக்கத் தெரியாது, எப்போதும் அவள்தான் வைப்பாள். சீக்கிரம் அணையுங்கள். "சரிப்பா, நாங்க போறது"ன்னு ஆரம்பிக்கிறாள். சொல்லிவிடப்போகிறாள் தம்பி, அணையுங்கள்.